உத்திரத்தில் 1083 என்று இருக்கிற வீட்டுக்கு வயது என்ன?

கேட்டிருப்பது இதுதான். குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு மேற்கே ஒரு விளையின் (தோப்பு நிலத்தின்) நடுவில் குடும்பத்துப் பழைய செங்கல் வீடு. முன்னால் முகப்பு வைத்த ஓட்டுக்கூரை, உள்ளே நடுமுற்றம், இரண்டடி கனத்துக்குச் சுவர், பலகைச் சுவர் வைத்த ஓர் இருட்டறை, பின்னால் இரண்டு அடுக்களை. உத்திரத்தில் '1083 மகரம்' என்று செதுக்கியிருக்கிறது. அதை வைத்து, வீட்டுக்குத் தொள்ளாயிரம் வருசத்துக்கு மேல் ஆகிறது என்று சித்தப்பா எல்லாரிடமும் சொல்லிவருகிறார். அது உண்மையா, வீட்டை இடிப்பதா வைத்துக்கொள்வதா என்பது கேள்வி.

முதலில் சித்தப்பா கணக்கை முடித்துவிடலாம். அந்த 1083 கொல்லம் ஆண்டு. கி.பி. 825-ல் தொடங்குகிற கணக்கு அது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை நம் ஊர் பிரமாணங்களில் (சொத்துப் பத்திரங்களில்) புழங்கிய வருசமும் அதுதான். இப்போதைய வருசத்துக்கு மாற்றுவது சுலபம். கொல்லம் வருசம் சிங்க மாதத்தில், நம் ஆவணியில் பிறக்கும். அங்கிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள். ஜனவரி பிறந்துவிட்டால் 825. மகரம் என்பது தை. ஆக, உங்கள் உத்திரத்தில் அந்த எழுத்து விழுந்தது 1908 ஜனவரி பாதிக்கும் பிப்ரவரி பாதிக்கும் இடையில். தொள்ளாயிரம் போய் நூற்றுச் சொச்சம் ஆகிவிட்டதே என்று சித்தப்பா வருத்தப்படுவார். வேண்டாம். வீட்டின் சில பாகங்கள் அதைவிடப் பழசாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அது செங்கல்லாக இருக்காது. நீங்கள் செங்கல் வீடு செங்கல் வீடு என்று சொல்கிறீர்களே, அந்த வீட்டிலேயே வயதில் இளையது அந்தச் செங்கல்தான் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு உத்திரத்தில் இருக்கிற தேதி அந்த உத்திரத்துக்கான தேதி மட்டும்தான். நம் பக்கத்துப் பழைய மரவேலையில் இரும்பாணி அபூர்வம். கழுந்தும் துளையும் வைத்துப் பொருத்தி, மர ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். அப்படிச் செய்த கூட்டைக் கழற்றலாம், வண்டியில் ஏற்றலாம், வேறு விளையில் கொண்டுபோய்ப் பழையபடி நிறுத்தலாம். பழைய வீட்டின் மரத்தை விலைக்கு வாங்கி வந்து புது வீட்டில் வைப்பதும் சாதாரணமாக நடந்தது. அதனால் ஏணி போட்டு ஏறி உத்திரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எதுவும் வந்து சேராத வெறும் துளைகள், பாதியில் நிற்கிற காடி (செதுக்கிய பள்ளம்), சம்பந்தமில்லாத இடத்தில் தொடங்கி அறுந்துபோகிற பூவேலை, இதில் ஏதாவது கண்ணில் பட்டால் அந்த மரம் வேறு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தது என்று அர்த்தம். துளை எல்லாம் நிரம்பி, பொருத்துகள் இறுக்கமாக இருந்தால் 1908-ஐ அந்தக் கூரைக்கு நம்பலாம். சுவருக்கு நம்பலாமா என்பது வேறு விஷயம்.

இப்போது அந்த இருட்டறைக்கு வருவோம். அதுதான் உங்கள் வீட்டின் உயிர் இருக்கிற இடம். அறப்புரை என்று வயதானவர்கள் சொல்வார்கள். நாலு பக்கமும் கனமான பலகை, மேலே பலகை மச்சு, தரைக்கும் மரம், ஒற்றைக் கதவு. உள்ளே பத்தாயம், அதாவது நெல் போட்டுவைக்கிற பெரிய மரப்பெட்டி, இருக்கும். அல்லது அறையின் கீழ்ப்பாகமே பத்தாயமாக இருக்கும். நெல், வெண்கலப் பாத்திரம், பிரமாண ஓலை எல்லாம் அதற்குள்தான். கதவில் பித்தளையில் செய்த சித்திரப்பூட்டு இன்னும் இருந்தால் யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். பழம்பொருள் வாங்குகிறவர்கள் வீடு வீடாக வருவதே அதற்கும் தூணுக்கும்தான்.

அப்படி ஓர் அறையை எதற்காக மரத்தில் செய்தார்கள்? அந்தக் காலத்தில் சாதாரண வீட்டின் மற்ற பாகங்கள் மண்சுவரும் ஓலைக்கூரையும். மண்சுவரைக் கன்னம் வைத்துத் துளைக்கத் திருடனுக்குக் கால் ராத்திரி போதும். மண் ஈரத்தை இழுக்கும், நெல் முளைத்துவிடும். பலகைச் சுவரில் இந்த இரண்டு பயமும் குறைவு. மலையடிவாரத்தில் மரத்துக்கும் பஞ்சமில்லை. தேக்கு எல்லாருக்கும் கிடைக்காது. அயனியும் பலாவும்தான் நம் வீடுகளைத் தாங்கியவை, கூரைக்குக் கைமரமாக வைரம் பாய்ந்த பனை. உங்கள் அறப்புரை பலகையை ஒரு மூலையில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பொன்னிறமாக வந்து, நாளாக நாளாகக் கறுப்பு கலந்த பழுப்பாக மாறினால் அயனியோ பலாவோதான்.

இந்த அமைப்பை அதன் பெரிய உருவத்தில் பார்க்க வேண்டுமென்றால் ரொம்ப தூரம் போக வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனை உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதில் முதலில் தாய்க்கொட்டாரத்துக்குப் போங்கள். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கட்டியதாகச் சொல்கிற, அரண்மனையிலேயே மிகப் பழைய பகுதி. நடுமுற்றம், நாலு பக்கமும் சாய்ந்து இறங்குகிற கூரை, ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் நிற்கிற ஏகாந்த மண்டபம். கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் அது ஒரு பெரிய தறவாட்டு (கூட்டுக்குடும்ப) வீடுதான். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1750-ஐ ஒட்டி எழுந்த உப்பரிகை மாளிகை முதலானவை அதைச் சுற்றி வளர்ந்தவை. மூத்த மரக்கூடு நடுவில், பிறகு வந்தவை சுற்றிலும். உங்கள் வீட்டிலும் அதே கதை சிறிய அளவில் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். (திங்கள்கிழமை போகாதீர்கள், விடுமுறை. கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருப்பதால் அவர்கள் கணக்குதான்.)

சரி, செங்கல் எப்போது வந்தது? செங்கல் நம் ஊருக்குப் புதிதில்லை. சுசீந்திரம் கோபுரத்தின் மேல்நிலைகள் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஆனால் அது சாமிக்கும் ராஜாவுக்கும் உள்ள பொருளாக இருந்தது. குடும்பஸ்தன் வீட்டுக்குச் செங்கல்லை இழுத்து வந்தது ஓடு. 1865-ல் மங்களூரில் நேத்ராவதி ஆற்றங்கரையில் பாசல் மிஷன் என்கிற கிறிஸ்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்த பிளப்ஸ்ட் என்பவர் இயந்திரத்தில் அழுத்திச் செய்கிற தட்டை ஓட்டுக்கு ஒரு தொழிற்சாலை போட்டார். பிறகு கொல்லம் உள்படப் பல இடங்களில் அதே மாதிரி தொழிற்சாலைகள் வந்தன. ஓலைக்கூரையை வருசா வருசம் மாற்ற வேண்டும், ஒரு பொறி பட்டால் போச்சு. பழைய நாட்டு ஓடோ கனம் அதிகம், குரங்கு ஓடினால் நகர்ந்துவிடும். மங்களூர் ஓடு ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். ஆனால் அதற்குப் பட்டியல் (ஓட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டம்) எல்லாம் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும், சுவரின் தலை நூல் பிடித்த மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். ஓலைக்கூரை கோணல் சுவரை மன்னிக்கும், ஓட்டுக்கூரை மன்னிக்காது. அதனால் ஓடு போட நினைத்தவன் சுவரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

உங்கள் ஓட்டில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி பேரும் ஊரும் அழுத்தியிருக்கும். சிலதில் 1865 என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீடு 1865-ல் கட்டியது என்று இன்னொரு சித்தப்பா கிளம்பிவிடக் கூடாது. அது கம்பெனி தொடங்கிய வருசம்.

இதில் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த மாவட்டத்து வீட்டுக் கதை பாதிதான். உங்கள் சமுதாயம் எது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருவிதாங்கூரில் கையில் காசு இருந்தால் மட்டும் வீடு கட்டிவிட முடியாது. நாடார் குடும்பங்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது. குடை பிடிக்க, செருப்பு போட, பொன் நகை அணிய இருந்த தடைகளோடு சேர்ந்த தடை அது. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். தோள்சீலைப் போராட்டம் 1820-களில் தொடங்கி 1859 ஜூலை 26 ராஜ விளம்பரம் (அரச அறிவிப்பு) வரை நடந்தது உடைக்காகத்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உடை, நடை, வீடு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. அதன் பிறகுதான் நாகர்கோவில், நெய்யூர், மயிலாடி பக்கமெல்லாம் மிஷன் பங்களாவைப் பார்த்து, படிப்பில் வந்த சம்பளம், இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த காசு என்று சேர்த்துச் செங்கல் வீடுகள் எழுந்தன. 1908-ல் ஒருவர் முகப்பு வைத்து ஓடு வேய்ந்தார் என்றால், அது எந்தச் சமுதாயத்து வீடானாலும், தெருவில் போகிறவர்களுக்கு ஏதோ சொல்வதற்காகவும்தான். முகப்பு முன்பக்கம் மட்டும் இருக்கிறது, பின்பக்கம் வெறும் சாய்ப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

சுவருக்கு வருகிறேன். இரண்டடி கனம் என்பதுதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. செங்கல் ஏறக்குறைய ஒன்பது அங்குல நீளம். ஒன்றரைக்கல் சுவர் பூச்சோடு சேர்த்துப் பதினைந்து அங்குலம் வரும், இரண்டுகல் சுவர் இருபது. இருபத்துநாலு அங்குலம் வேண்டுமென்று ஒரு குடும்பஸ்தன் செங்கல்லில் காசைக் கொட்டியிருக்க மாட்டான். கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் தோண்டினால் செம்புறாங்கல் கிடைக்கும், நாம் வெட்டுகல் என்போமே, அது. மண்ணுக்குள் மெதுவாக இருக்கும்போதே கோடாலியால் வெட்டி எடுத்து, வெயிலிலும் காற்றிலும் போட்டால் இறுகிவிடும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நல்ல செங்கல் களிமண்ணோ கிழக்கே, நாஞ்சில் நாட்டுக் குளத்துப் படுகைகளிலும் வயல்களிலும். இன்றைக்கும் செண்பகராமன்புதூர், ஆரல்வாய்மொழி பக்கம்தானே சூளைகள். அங்கிருந்து தக்கலைக்கு மேற்கே மாட்டுவண்டியில் கல் வருவதென்றால் கூலியே கல்லைத் தின்றுவிடும். அதனால் எங்கள் பக்கத்து வழக்கம், முன்சுவரும் தூணும் கதவு ஜன்னல் ஓரங்களும் வளைவும் செங்கல், மற்றது வெட்டுகல், பின்பக்கம் பழைய மண்சுவரே. எல்லாவற்றையும் ஒரே சுண்ணாம்புப் பூச்சு மூடிவிடும். உங்கள் செங்கல் வீட்டில் பாதி செங்கல் இல்லாமல் போனால் ஆச்சரியப்படாதீர்கள்.

கண்டுபிடிக்க, அலமாரிக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் ஒரு கை அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டினால் போதும். அதைவிட முக்கியம் இரண்டு சுவர் சந்திக்கிற மூலை. ஒரே சமயத்தில் கட்டிய சுவரானால் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பல் விட்டுக் கடித்திருக்கும். பின்னால் ஒட்டிய சுவரானால் மூலையில் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஒரு விரிசல் ஓடும், எத்தனை தடவை பூசினாலும் மறுபடி வாய் திறக்கும். பலரும் அதைப் பார்த்து அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று பயந்துபோகிறார்கள். பெரும்பாலும் அது இரண்டு தலைமுறைகள் சந்திக்கிற இடம், அவ்வளவுதான். அறப்புரையைச் சுற்றியுள்ள சுவர்களில் அப்படி விரிசல் இருந்தால் நான் மேலே சொன்னது உறுதியாகிவிடும்.

நடுமுற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலு கூரையின் தண்ணீரும் அதில் விழுந்து ஓவு (வடிகால்) வழியாக வெளியே போகும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே அடிக்கிற ஊரில் கூரை செங்குத்தாகவும் இறவாரம் தாழ்வாகவும் இருப்பதற்குக் காரணம் வேண்டுமா? கிழக்கே நாஞ்சில் நாட்டு வேளாளர் தெருக்களுக்குப் போனால் இந்த வீடு மாறிவிடும். அங்கே வீடுகள் பொதுச்சுவரோடு தெருவை ஒட்டி வரிசையாக நிற்கும், திண்ணையில் தொடங்கிப் புறவாசல்வரை ஒரே நீட்டம். மேற்கே வீடு விளைக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும், விளையின் பெயரே குடும்பப் பெயராகவும் ஆகிவிடும். ஒரே மாவட்டம், இரண்டு விதமான வாழ்க்கை.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. அறைகளை அடியில் அளந்தால் உங்களுக்கு அசிங்கமான பின்னங்கள் வரும். ஆசாரி அளந்தது தச்சுக்கோலால். ஒரு கோல் 24 விரல், சுமார் 72 சென்டிமீட்டர். அறையின் சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் வருகிற மிச்சம் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஒன்று கிழக்கு, மூன்று தெற்கு, ஐந்து மேற்கு, ஏழு வடக்கு என்று திசைக்கு ஒரு யோனி; அந்த மிச்சத்துக்கு ஆசாரிகள் வைத்த பெயர் அது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அறப்புரை இந்தக் கணக்குக்குள் வந்து, முன் அறைகள் அடிக்கணக்கில் முழு எண்ணாக வந்தால், இரண்டையும் வேறு வேறு கைகள் கட்டின என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

இரண்டு அடுக்களைக்குப் பதில் பிரமாணத்தில் இருக்கும். ஒரு வீட்டில் இரண்டு அடுக்களை என்றால் பெரும்பாலும் நடுவில் ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. மருமக்கள் வழி (பெண்வழியாகச் சொத்து இறங்குகிற) குடும்பமானால் தேடவேண்டிய காலமும் தெரியும். 1925-ல் வந்த நாயர் சட்டமும், அதை ஒட்டி கொல்லம் 1101-ல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பிரிக்க வழி திறந்துவிட்டன. பிறகு எத்தனையோ வீடுகளில் நடுவில் சுவர் ஏறியது, ஜன்னல் கதவாயிற்று, பின்னால் இன்னொரு அடுப்பு எரிந்தது. பழைய ஆதாரம் மலையாளத்தில் இருக்கலாம், அந்த எழுத்து வாசிக்கத் தெரிந்த பெரியவர் யாரையாவது இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். அதில் 'குழிக்கூறு' என்ற வார்த்தை வரும் இடத்தை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். நிலத்தின் மேல் இருக்கிற மரம், கட்டடம் முதலான தேட்டங்களைச் சொல்கிற இடம் அது. வீடு ஓலையா ஓடா என்பதுகூட அங்கே இருந்தாலும் இருக்கும்.

இனி, இடிப்பதா என்ற கேள்வி. என் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே மாதிரி சுவர். அடியில் ஈரம் ஏறுகிறது என்று ஒரு கான்டிராக்டரைக் கூப்பிட்டோம். அவர் மூன்றடி உயரத்துக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசினார், பளபளவென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை, ஈரம் மூன்றடிக்கு மேலே வந்து நின்றது. மேல் பூச்சு பொடியாக உதிர்ந்தது, கதவுநிலையின் அடியில் சிதல் (கறையான்) ஏறிவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குத் தெரிந்தது சிமென்ட். தரையிலிருந்து சுவருக்குள் ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்க்கொண்டே இருந்தது. சிமென்ட் அந்த மூச்சை அடைத்தது. போக வழியில்லாத ஈரம் மேலே ஏறிப் போகத்தானே செய்யும்?

பழைய சுண்ணாம்பு சும்மா வந்ததில்லை. சிப்பியைச் சுட்டு, நீற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, மணலும் செங்கல் பொடியும் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் அக்கானியோ (பதநீர்) கருப்பட்டிக் கரைசலோ விட்டுப் பிசைவார்கள். பனங்காடு நிறைந்த நம் ஊரில் அக்கானிக்கு என்ன பஞ்சம். அந்தக் கலவை காற்றிலிருக்கிற கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத் திரும்பவும் கல்லாகும். அவசரப்படுகிறவனுக்கு அது ஆகாது. இன்றைக்கும் அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள், கூலி கூடுதல்.

என் அபிப்பிராயம், இடிக்காதீர்கள். உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. அந்த அயனி மரத்தை இன்றைய விலையில் உங்களால் வாங்க முடியாது, இடித்தால் அது மரக்கடைக்காரர் சொல்கிற விலைக்குப் போகும். கையில் இருக்கிற காசு முழுவதையும் முதலில் கூரையில் போடுங்கள். பழைய வீடு சாவது மேலிருந்துதான். ஓர் உடைந்த ஓடு, அதன் வழியாக ஒழுக்கு, நனைகிற கைமரம், அதைத் தேடி வருகிற சிதல். இடவப்பாதிக்கு முன்னால் ஓட்டை முழுக்க இறக்கி, உடைந்ததை மாற்றி, இற்றுப்போன பட்டியலை எடுத்துவிட்டுத் திரும்ப வேயச் சொல்லுங்கள். அப்புறம் நடுமுற்றத்து ஓவு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சுவரடியில் கொட்டியிருக்கிற மண்ணை அகற்றி, அடியிலுள்ள கருங்கல் கட்டு வெளியே தெரிகிற மாதிரி வைத்தாலே ஈரம் பாதி குறையும். சிமென்ட் பூச்சு ஏற்கெனவே இருந்தால் கீழ்ப்பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு வெயில்காலம் சுவரைக் காயவிடுங்கள், உடனே மேலே பூசவேண்டாம். அந்த இரண்டாம் அடுக்களையை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், அதற்காக யாரும் வருத்தப்படப்போவதில்லை. நவீனக் கழிப்பறை, குளியலறை எல்லாம் அந்தப் பக்கம் போகட்டும்.

அறப்புரையை மட்டும் தொடாதீர்கள். வார்னிஷ்கூட வேண்டாம்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உத்திரத்தின் ஒரு பக்கத்தைத்தான் படம் எடுத்திருக்கிறீர்கள். ஏணியை மறுபக்கம் போட்டு, தூசியைத் துணியால் மெல்லத் துடைத்துவிட்டுப் பாருங்கள். வருசம் ஒரு பக்கம், ஆசாரி பேரோ கட்டியவர் பேரோ மறுபக்கம் என்று இருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.